கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்த கதையை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போயிங் 737-ல் எரிபொருளை வானத்திலேயே வெளியேற்றிவிட வழி கிடையாது. பறந்து பறந்து எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். உள்ளே 141 பேர் என்று செய்தி ஓடியது. இரவு எட்டேகால் வாக்கில் நல்லபடியாக இறங்கியது. விமானிகளை ஊரே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான்.

அந்த நேரம் முழுக்க எல்லா சேனலிலும் தீயணைப்பு வண்டிகளையும் ஆம்புலன்ஸ்களையும்தான் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். எங்கள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், “இத்தனை வண்டி நிக்குதுல்ல, ஒண்ணும் ஆகாது” என்றார். பதற்றத்தில் இருந்த மற்றவர்களுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது. வண்டிகள் நிற்பது தெரிகிறது, சரி. அவை நின்றால் ஏன் ஒன்றும் ஆகாது?

என் பெரியப்பா மகன் தென்னிந்தியாவில் ஒரு விமான நிலையத்தில் தீயணைப்புப் பிரிவில் இருக்கிறார். அன்று அவருக்குப் பகல் டியூட்டி. ஸ்டேஷனில் வண்டிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூஜை முடித்துவிட்டு வீடு திரும்பி, அவரும் டிவி முன்னால்தான் இருந்திருக்கிறார். விமானம் இறங்கிய பிறகு போன் செய்தேன். நான் வண்டிகளைப் பற்றிக் கேட்டதும் அவர் சொன்னது இது: “தம்பி, வண்டி நிக்கிறதுல ஒண்ணும் இல்ல. ரெண்டு, மூணு நிமிஷத்துல எங்க இருந்தாலும் போய்ச் சேர்ந்துருவோம். சேர்ந்ததுக்கு அப்புறம் எந்தக் கதவுல கை வைக்கணும், அது எந்தப் பக்கம் திறக்கும்னு தெரியணும். பாதி வேலை அதுதான்.” இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதியைப் பற்றியதல்ல. அவர் சொன்ன பாதியைப் பற்றியது.

இரண்டேகால் நிமிடத் தண்ணீர்

விமான நிலையத் தீயணைப்புக்கான உலக விதிகளை ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் இயங்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்திருக்கிறது. சுருக்கமாக ஐசிஏஓ. விமானத்தின் நீளத்தையும் உடல் அகலத்தையும் வைத்து 1 முதல் 10 வரை வகை பிரிக்கிறார்கள். நம் ஊர்களுக்கு வரும் ஏடிஆர் 72 ஐந்தாம் வகை, ஏர்பஸ் ஏ320 ஆறாம் வகை, போயிங் 737-800 ஏழாம் வகை, ஏ380 பத்தாம் வகை. அழைப்பு வந்ததிலிருந்து ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் முதல் வண்டி போய்ச் சேர வேண்டும். இரண்டு நிமிடத்தில் சேர்ந்தால் இன்னும் நல்லது என்பது பரிந்துரை. வெறுமனே போய் நிற்பதைச் சேர்ந்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த வகைக்கு நிர்ணயித்த நுரை வேகத்தில் பாதியாவது அடிக்கத் தயாராக நின்றால்தான் சேர்ந்ததாகக் கணக்கு.

ஏழாம் வகைக்கு இரண்டு வண்டிகள். தண்ணீரில் கலந்து அடிக்கும் நுரை வழக்கமான பி தரம் என்றால் 12,100 லிட்டர் தண்ணீர், நிமிடத்துக்கு 5,300 லிட்டர் வேகத்தில் அடிக்கும் திறன். வகுத்துப் பாருங்கள். முழு வேகத்தில் அடித்தால் இரண்டேகால் நிமிடத்தில் தொட்டி காலி. ஏ380-க்கு 32,300 லிட்டர், நிமிடத்துக்கு 11,200. அதுவும் மூன்று நிமிடம் தாங்காது. அவ்வளவு பெரிய வண்டி, கோடிக்கணக்கில் விலை, நாற்பது விநாடியில் எண்பது கிலோமீட்டர் வேகம் எடுக்கும் இன்ஜின். அத்தனையும் இந்த இரண்டு, மூன்று நிமிடங்களுக்காக.

இது குறைபாடு இல்லை, கணக்குப் போட்டே இப்படி வைத்திருக்கிறார்கள். விமானத்தைக் காப்பாற்றுவது அவர்கள் நோக்கமே இல்லை. எரிபொருள் தரையில் கொட்டி எரியும்போது விமானத்தின் அலுமினியத் தோல் ஓரிரு நிமிடங்களுக்கு மேல் தாங்காது. ஆகவே விமானத்தைச் சுற்றியுள்ள முக்கியமான பரப்பில் ஒரு நிமிடத்துக்குள் தீயைக் கட்டுப்படுத்த வேண்டும். உள்ளிருப்பவர்கள் இறங்கி ஓடுகிற வரை அந்த வழியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தத் தண்ணீர். 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 கடலோரக் காவல்படை விமானத்தின் மேல் மோதித் தீப்பிடித்தது. மோதிய சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். ஏ350 மணிக்கணக்கில் எரிந்து கூடாகிப் போனது. ஆனால் அதில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எரிந்த கூட்டைப் பார்த்து, தீயணைப்பு தோற்றுவிட்டது என்று அன்று பலர் எழுதினார்கள். எனக்கு அதை ஏற்க முடியவில்லை. ஆட்கள் வெளியே வந்துவிட்டால் இரும்பும் கார்பனும் எரிந்து போகட்டும்.

ஹனேடாவில் கதவைத் திறந்தவர்கள் உள்ளே இருந்த பணிப்பெண்களும் பணியாளர்களும். இன்டர்காம் வேலை செய்யாத நிலையிலும் மெகாஃபோனை வைத்துக்கொண்டு, எந்தக் கதவுக்கு வெளியே தீ இல்லை என்று பார்த்துத் திறந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் நினைவோடும் பயிற்சியோடும் இருக்கும் வரை வெளியே இருப்பவருக்குக் கதவைப் பற்றிய கேள்வி எழாது. அவர்களால் முடியாமல் போனால்?

ரியாத், 1980

அண்ணன் அன்று போனில் “ரியாத் தெரியுமா?” என்று கேட்டார். அவர் பயிற்சியில் இருந்தபோது வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்றிரவே அதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தீயணைப்பு வண்டிகளைப் பார்க்கும் என் பார்வை அதற்குப் பிறகு மாறிவிட்டது.

1980 ஆகஸ்ட் 19 இரவு. கராச்சியிலிருந்து வந்த சவுதியா 163, ரியாத்தில் நின்று ஜெட்டாவுக்குக் கிளம்பியது. லாக்ஹீட் டிரைஸ்டார், 287 பயணிகள், 14 பணியாளர்கள். கிளம்பி ஏழு நிமிடத்தில் பின்பக்கச் சரக்கு அறையில் புகை எச்சரிக்கை. விமானி திருப்பிக்கொண்டு வந்து இறக்கியும் விட்டார். இறங்கியபோது வெளியே தீ எதுவும் தெரியவில்லை. உடைந்து சிதறவில்லை, பள்ளத்தில் விழவில்லை. முழு விமானம், நல்ல ஓடுபாதை, காத்திருக்கும் வண்டிகள். இதைவிடத் தோதான சூழ்நிலை ஒரு தீயணைப்புப் படைக்குக் கிடைக்காது.

ஓடுபாதையிலேயே நிறுத்திக் கதவைத் திறந்திருக்க வேண்டும். விமானி நிறுத்தவில்லை. கடைசி வரை ஓட்டிப் போய், பக்கப் பாதையில் திருப்பி நிறுத்தினார். தரை தொட்டதிலிருந்து 2 நிமிடம் 40 விநாடி. நின்ற பிறகும் 3 நிமிடம் 15 விநாடிக்கு இன்ஜின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இன்ஜின் ஓடும் விமானத்தின் பக்கத்தில் யாரும் போக முடியாது. வெளியேற்ற முயல்கிறோம் என்ற தகவல் மட்டும் ரேடியோவில் வந்தது. கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகு உள்ளேயிருந்து பேச்சே இல்லை.

இப்போது வெளியே நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். இன்ஜின் அணைந்துவிட்டது. விமானம் முழுசாகக் கண் முன்னால் நிற்கிறது. உள்ளே 301 பேர். யாரும் வரவில்லை. கதவை வெளியிலிருந்து திறக்க வேண்டும், திறக்க முடியும், அதற்கான கைப்பிடி விமானத்தின் உடலிலேயே இருக்கிறது. இன்ஜின் அணைந்து 23 நிமிடம் கழித்துத்தான் வலப்பக்க இரண்டாம் கதவு திறக்கப்பட்டது. கொஞ்ச நேரத்தில் உட்புறம் முழுக்கத் தீ பரவியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. உடல்கள் விமானத்தின் முன்பாதியில் கிடந்தன. பின்னாலிருந்து வந்த புகைக்குப் பயந்து எல்லோரும் முன்னால் நகர்ந்திருக்கிறார்கள், கதவுகள் இருக்கும் பக்கமாக.

இன்ஜின் அணைவதற்குள்ளாகவே உள்ளே பலர் மயங்கியிருக்கலாம். சீக்கிரம் கதவைத் திறந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. விசாரணை அறிக்கை விமானியின் தவறுகளை வரிசையாகச் சொல்கிறது, நியாயம்தான். ஆனால் அதே அறிக்கை தீயணைப்புப் பிரிவின் தலைமையையும் விடவில்லை. தங்கள் ஆட்களுக்குப் போதிய கருவியும் பயிற்சியும் இருப்பதை அவர்கள் உறுதி செய்யவில்லை என்பதை விபத்துக்கு வழிவகுத்த காரணங்களில் ஒன்றாகவே எழுதியிருக்கிறது. அந்த 23 நிமிடத்தை என்னால் கடந்து போக முடியவில்லை. அங்கே வண்டி இருந்தது, ஆள் இருந்தார்கள், தண்ணீர் இருந்தது. தைரியம் இல்லாதவர்கள் என்றும் யாரும் சொல்ல முடியாது. அந்தக் கைப்பிடியை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் இழுப்பது என்கிற ஒரு சின்ன விஷயம் மட்டும் அவர்கள் கைக்குப் பழகியிருக்கவில்லை.

கரிப்பூர்

நாற்பது வருடத்துக்கு முந்தைய சவுதிக் கதைதானே, இப்போது எல்லாம் மாறியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். நிறைய மாறியும் இருக்கிறது. 2016 ஜூன் 27 அன்று சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ368 விமானம் பாதி வழியில் திரும்பி வந்து இறங்கியபோது வலது இறக்கை தீப்பிடித்தது. சில நிமிடங்களில் அணைத்தார்கள். 241 பேரும் படிக்கட்டு வழியாக நடந்து இறங்கினார்கள், ஒருவருக்கும் காயமில்லை. விமானி அங்கே தீயணைப்பு அதிகாரியோடு நேரடியாக ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார். பயணிகளை, அவசரத்தில் கதவிலிருந்து காற்றடைத்து விரியும் சறுக்குப் பாதையில் இறக்குவதா, உள்ளேயே வைத்திருப்பதா என்ற முடிவுக்கு அந்த அதிகாரியின் வார்த்தையை மட்டுமே நம்பினார்கள் என்றும், கையிலிருந்த மற்ற வழிகளையும் பார்த்திருக்கலாம் என்றும் பின்னால் வந்த அறிக்கை சொன்னது. கீழே நிற்கும் ஒருவருக்கு அந்த விமானத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு நம் காலத்தில், நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. கொரோனா நேரம், கொட்டும் மழை. துபாயிலிருந்து 190 பேரோடு வந்த 737-800 கரிப்பூரின் மேட்டு ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. 21 பேர் இறந்தார்கள், விமானிகள் இருவரும் அதில் அடக்கம். தீப்பிடிக்கவில்லை, அது ஒன்றுதான் அன்றைய அதிர்ஷ்டம். கொண்டோட்டிப் பக்கத்து ஜனங்கள் தொற்றுப் பயத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஓடி வந்து, கிடைத்த வண்டிகளில் ஆட்களை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அந்த மக்களை எத்தனை முறை வேண்டுமானாலும் கையெடுத்துக் கும்பிடலாம்.

அடுத்த வருடம் வந்த விசாரணை அறிக்கையில் விமானியின் முடிவுகளைப் பற்றிய பகுதிதான் செய்திகளில் அடிபட்டது. மீட்புப் பணியைப் பற்றியும் அதில் இருக்கிறது. ஒருங்கிணைப்பு இல்லை, தீயணைப்புப் பணியாளர்களுக்கு 737-800 விமானத்தோடு போதிய பழக்கம் இல்லை, அதனால் விமானிகளை வெளியே எடுக்கத் தாமதமானது என்று. தினமும் கண் முன்னால் வந்து போகும் விமானம் அது. வளைகுடாவுக்கும் கரிப்பூருக்கும் இடையே அதைவிட அதிகமாகப் பறக்கும் விமானம் அரிது. கண்ணுக்குப் பழகிய ஒன்று கைக்குப் பழகவில்லை. அந்தப் பணியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழையில் சரிவில் இறங்கி நின்றவர்கள் அவர்கள்தான். கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் கற்றுக்கொடுக்கவில்லை.

ஒரு மணி நேரம், ஒரு விமானம்

எல்லா விமானமும் ஒரே மாதிரிதானே, முன்னால் இடப்பக்கம் ஏறுகிற கதவு, அவ்வளவுதானே என்று பயணிகளாகிய நமக்குத் தோன்றும். ஏடிஆர் 72-ஐப் பாருங்கள். தூத்துக்குடிக்கோ சேலத்துக்கோ போகிறவர்களுக்குத் தெரியும், ஏறுவது பின்னால். முன்னால் இடப்பக்கம் இருக்கும் பெரிய கதவு சரக்குக்கானது. பழக்க தோஷத்தில் முன்கதவுக்கு ஓடுகிறவர் பெட்டிகளுக்கு முன்னால்தான் போய் நிற்பார். ஏ320-ன் கதவை வெளியிலிருந்து திறந்தால் சறுக்குப் பாதை தானாகவே செயலிழந்துவிடும். 737-ல் அப்படி இல்லை. உள்ளே சறுக்குப் பாதை தயார் நிலையில் பூட்டியிருந்தால், வெளியே ஏணியில் நின்று திறப்பவரின் முகத்துக்கு நேராக அது வெடித்து விரியும், ஆளையே கீழே தள்ளிவிடும். அதனால் எங்கே ஏணி வைப்பது, எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்பது என்பதெல்லாம் உயிர் விஷயம். அதே 737-ல் விமானி அறைக்கதவு தாக்குதலுக்குத் தாங்கும்படி பலமாகச் செய்யப்பட்டது, உள்ளிருந்து திறக்க ஆளில்லை என்றால் உடைத்துப் போவது லேசில்லை. ஆனால் வலப்பக்கத்தில், துணை விமானியின் ஜன்னலை வெளியிலிருந்தும் திறக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கோழிக்கோட்டு அறிக்கையைப் படித்துவிட்டு இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இதெல்லாம் ரகசியம் இல்லை. ஏர்பஸ், போயிங் இரண்டுமே ஒவ்வொரு வகை விமானத்துக்கும் மீட்புப் படையினருக்கென்று படம் போட்டு, கதவு, எரிபொருள் தொட்டி, பேட்டரி, ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே என்றெல்லாம் குறித்து வெளியிடுகின்றன. பயிற்சி விதிகளிலும் விமானப் பழக்கம் முக்கியமான பாடம். அமெரிக்க விதியில் தீயணைப்புப் பயிற்சிப் பட்டியலின் முதல் இரண்டு வரிகளே விமான நிலையப் பழக்கமும் விமானப் பழக்கமும்தான். நம் ஸ்டேஷன் சுவர்களிலும் அந்தப் படங்கள் ஒட்டியிருக்கும். படத்தைப் பார்ப்பதற்கும் மழையில் கையுறையோடு அந்தக் கைப்பிடியைத் திருப்புவதற்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் பிரச்சினை.

அந்தத் தூரத்தைக் குறைக்க ஒரு விமானம் வேண்டும். அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பகலில் ஒரு விமானம் வந்து திரும்பிப் போக அரை மணி, முக்கால் மணி நேரம். அதற்குள் சுத்தம் செய்ய வேண்டும், எரிபொருள் நிரப்ப வேண்டும், ஆளை ஏற்ற வேண்டும். தீயணைப்புக்காரர்களைக் கதவோடு விளையாட யார் விடுவார்கள்? இரவு தங்கும் விமானம்தான் வழி. அதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி, இன்ஜினியர் கூட நிற்க வேண்டும், சறுக்குப் பாதை தவறி விரிந்துவிட்டால் செலவு, காலை முதல் விமானம் தாமதம். அவர்கள் ஸ்டேஷனிலிருந்து ஒரு நிறுவனத்துக்குக் கடிதம் போனது. அடுத்த மாதம் என்றார்கள், அப்புறம் அதற்கடுத்த மாதம் என்றார்கள். கடைசியில் ஓர் இரவு ஒரு மணி நேரம் கிடைத்தது. இன்ஜினியர் ஒருவர் பொறுமையாக நின்று காட்டியிருக்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன், எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து, ஓட்டமும் கயிறு ஏறுதலும் முடித்து, கொல்கத்தாவில் பயிற்சி பெற்று வந்தவன், அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு நிஜக் கதவை வெளியிலிருந்து திறந்திருக்கிறான். “இவ்ளோ கனமா இருக்கும்னு நினைக்கல சார்” என்றானாம். அண்ணன் இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு அளவிலான அவசர ஒத்திகை கட்டாயம். நானும் ஒருமுறை தூரத்திலிருந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. சைரன், வண்டிகள் பாய்ந்து வருகின்றன, வண்டியின் கூரைமேல் இருக்கும் பீரங்கி போன்ற குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, கழுத்தில் காயச் சீட்டு தொங்கவிட்ட மாணவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்குகிறார்கள். போலீஸ், ஆஸ்பத்திரி, வருவாய்த் துறை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்து பழக இது அவசியம், அதில் சந்தேகமில்லை. அன்றைக்கு விமானத்துக்குப் பதிலாக நின்றது ஒரு பஸ். பஸ்ஸின் கதவு எப்படித் திறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு நிலையத்தின் தீயணைப்பு வகை ஏழு, எட்டு என்று அறிவிக்கிறோம். வண்டி, தண்ணீர், நுரை, நிமிடம் எல்லாவற்றையும் எண்ணுகிறோம். அதோடு, இந்த நிலையத்துக்கு வரும் விமான வகைகள் ஒவ்வொன்றின் கதவையும் இந்த ஷிஃப்டில் இருக்கும் எத்தனை பேர் தங்கள் கையால் திறந்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது என்பதையும் எண்ணி, வகையோடு சேர்த்து வெளியிடட்டும். இரவு தங்கும் விமானங்களை வருடத்துக்குச் சில மணி நேரம் தருவதை விமான நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடாமல், அந்த நிலையத்தில் இறங்குவதற்கான நிபந்தனையாகவே வைக்கட்டும். கதவு மாட்டிய முன்பகுதி மாதிரிகள் தயாரிக்க முடியாத தொழில்நுட்பம் இல்லை. பழைய விமானங்கள் ஓரங்கட்டப்பட்டு எத்தனையோ நிலையங்களில் வெயிலில் காய்கின்றன, அவற்றின் கதவுகளையாவது இவர்களுக்குக் கொடுக்கலாம். ஒரு வண்டியின் விலையில் சின்னத் துணுக்குதான் ஆகும்.

போன வாரம் அண்ணனோடு பேசியபோது ஏ321 பற்றிச் சொன்னார். பழைய ஏ321-ல் பக்கத்துக்கு நான்கு முழுக் கதவுகள். புதிய நியோவில் இரண்டாம் கதவை எடுத்துவிட்டு இறக்கைமேல் வழிகள் வைத்த அமைப்பும் வருகிறது, மூன்றாம் கதவும் நகர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏ321தான். அவர்கள் நிலையத்தில் இரவு தங்கும் நியோ ஒன்று இருக்கிறது. அதற்கும் கடிதம் போட்டிருக்கிறார்கள், பதில் இன்னும் வரவில்லை.